வீட்டுச் சாமான்களும் ஜப்தியும்

பள்ளிப்பட்டுப் பேரூராட்சியில் வரி கட்டும் குடித்தனக்காரர் தம் மனைக்கும் கட்டடத்திற்குமே கட்டுகிறார். உள்ளே இருக்கும் அண்டாவுக்கும் கட்டிலுக்கும் அல்ல. இதிலென்ன விசேஷம் என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவின் பல ராஜ்யங்களில் வீட்டுச் சாமான்களையும் சொத்தாக மதித்து வரி போடும் வழக்கம் இருந்தது. டெக்ஸாஸ் ராஜ்யத்தின் அரசியல் சாஸனத்திலேயே இன்று அவற்றிற்கு விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. ஜனங்களின் வாக்கில்லாமல் அச்சாஸனத்தைத் திருத்த முடியாது. நம் தேசத்தில் 1957ஆம் வருஷத்துச் செல்வ வரிச் சட்டம் தனவந்தர் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களை விலக்கி வைத்தது. 2015ஆம் வருஷத்து பட்ஜெட்டில் அவ்வரியே எடுபட்டது. தனவந்தருக்குக் கவலை ஒழிந்தது.

ஏழைக்கு வரும் ஆபத்து வரி விதிப்பில் இல்லை, ஜப்தியில் இருக்கிறது. 1928ல் பார்தோலியில் நிலவரியை 22 சதவீதம் உயர்த்திய அன்னிய சர்க்கார், கட்ட மறுத்த குடியானவர்களின் எருமைகளைப் பிடிக்க ஆட்களை ஏவிற்று. ஜனங்கள் எருமைகளோடு தாங்களும் வீட்டிற்குள் இருந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். வல்லபாய் படேலின் தலைமையில் அவர்கள் வென்ற கதை நேயர்கள் அறிந்ததே.

அந்த சர்க்கார் காலத்தில் இயற்றிய 1908ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60வது பிரிவு இன்றும் அமலில் இருக்கிறது. அவசியமான உடை, சமையல் பாத்திரம், படுக்கை, மத ஆசாரப்படி ஸ்திரீகள் கழற்றக்கூடாத ஆபரணம், தொழிலாளியின் கருவி, குடியானவனின் ஏர், விதைத் தானியம் ஆகியவற்றைக் கடனுக்காக ஜப்தி செய்யலாகாது. 1960 ஏப்ரல் 1ந் தேதி பள்ளிப்பட்டு சித்தூர் ஜில்லாவை விட்டுச் சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தபோது எல்லைக் கோடு மாறிற்று. இப்பிரிவின் பாதுகாப்பு இரு பக்கத்தாருக்கும் நீடித்தது.

ஆனால் ஜாபிதா பழையது. பக்கத்துப் பொதட்டூர்ப்பேட்டை நெசவாளியின் கைத்தறி, கருவி என்பதில் சந்தேகமில்லை. விசைத்தறி? அதை வாதாடி நிலைநாட்ட வக்கீலுக்குப் பணம் வேண்டும். பணம் இருப்பவனுக்கு ஜப்தி ஏன் வருகிறது? மின்விசிறி, எரிவாயு அடுப்பு, பிள்ளைகளின் பாடப் புஸ்தகம், கூலி வந்து சேரும் கைப்பேசி இவற்றின் பெயர் அப்பிரிவில் இல்லை. பார்லிமெண்டு இவற்றைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

கடன் வசூலில் பலாத்காரத்தைத் தடுக்கத் தமிழ்நாட்டுச் சட்டசபை 2025ல் ஒரு சட்டம் செய்திருக்கிறது. நல்லதே. ஆயினும் வாசலில் வந்து மிரட்டுகிற வசூல்காரனிடம் "கோர்ட்டு உத்தரவு எங்கே?" என்று கேட்கலாமென்பதை நம் ஸ்திரீகளில் எத்தனை பேர் அறிவார்கள்? ஊர்தோறும் தேசத் தொண்டர்கள் 60வது பிரிவைத் தமிழில் அச்சிட்டு வீடு வீடாகக் கொடுக்கலாம்.