இருட்டில் கவிழ்த்த பஞ்சாரம்

கல்லூரி முதலாண்டில் புள்ளியியல் படிக்கும் வாசகர் ஒருவர், தம்முடைய விடைத்தாளில் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்ட வாக்கியம் ஒன்றை அப்படியே எடுத்தெழுதி, இதில் என்ன பிழை என்று கேட்டிருக்கிறார். "இந்த ஊர் மாணவர்களின் சராசரி உயரம் 158 சென்டிமீட்டருக்கும் 162 சென்டிமீட்டருக்கும் இடையில் இருப்பதற்கான நிகழ்தகவு 95 சதவீதம்" என்பது அவ்வாக்கியம். கணக்கில் குற்றமில்லை, சராசரி சரி, திட்டவிலக்கம் சரி, 1.96 என்ற எண்ணையும் அட்டவணையிலிருந்து ஒழுங்காகவே எடுத்தாண்டிருக்கிறார். கடைசி வரியில்தான் மதிப்பெண் போயிற்று. ஆசிரியர் செய்தது நியாயமே என்று நான் சொன்னால் வாசகர் வருந்தக்கூடும். ஆனால் பத்திரிகைகளும் கருத்துக்கணிப்பு நடத்துகிறவர்களும், சமயத்தில் பாடப்புத்தகங்களுமே கூச்சமின்றி எழுதிவருகிற வாக்கியம் அது என்பதால், அவர் ஒருவர் மட்டும் தலை குனிய வேண்டியதில்லை.

கிராமத்தில் கோழி வளர்த்தவர்களுக்குப் பஞ்சாரத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டாம். மூங்கில் பிளாச்சில் பின்னிய, அடியில்லாத பெரிய கூடை அது. பொழுது சாய்ந்ததும் கோழியை மடக்கி அதன்மேல் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை ஏற்றிவிடுவார்கள். நன்றாக இருட்டிவிட்டால் கோழிக்குக் கண் தெரியாது. ஒடுங்கிய இடத்திலேயே அசையாமல் குந்தியிருக்கும். விளக்கில்லாத முற்றம் ஒன்றில் அவ்வாறு ஒரு கோழி எங்கோ முடங்கியிருக்க, அது எப்போதோ ஒருமுறை எழுப்பும் மெல்லிய முனகலையே ஆதாரமாகக் கொண்டு, கிழவி ஒருத்தி உத்தேசமாகப் பஞ்சாரத்தைக் கவிழ்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் அனுபவசாலி, நூறு இரவுகளில் தொண்ணூற்றைந்து இரவு கோழி அகப்பட்டுவிடும். இந்தத் தொண்ணூற்றைந்து எதைப் பற்றிய எண்? கிழவியின் கைப்பழக்கத்தைப் பற்றிய எண். இன்றிரவு கவிழ்த்தாகிவிட்ட இந்தப் பஞ்சாரத்துக்கு அதைச் சூட்டுவதற்கில்லை. ஏனெனில் கூடை தரையில் பட்ட பிறகு, கோழி உள்ளே இருக்கிறது அல்லது வெளியே இருக்கிறது, இடைப்பட்ட நிலை என்று ஒன்று கோழிக்குக் கிடையாது.

ஊர் மாணவர் அனைவருடைய உண்மையான சராசரி உயரம், நமக்குத் தெரியாவிட்டாலும், ஏதோ ஒரு குறிப்பிட்ட எண்ணாக அசையாமல் அமர்ந்திருக்கிறது. நாம் பொறுக்கியெடுத்து அளக்கும் சிலருடைய சராசரியோ, வேறு சிலரைப் பொறுக்கினால் வேறாகும். அதைச் சுற்றி நாம் பின்னும், 'நம்பிக்கை இடைவெளி' எனப்படும் இடைவெளியும் அதனோடு கூடவே நகரும். 158 முதல் 162 வரை என்பது, பல இடங்களில் விழுந்திருக்கக்கூடிய ஒரு பஞ்சாரம் ஒருமுறை விழுந்த இடம். சந்தர்ப்பத்தின் ஆட்டம் முழுவதும் கூடையின் பக்கத்தில் இருக்க, நம் வாசகர் அதைக் கோழியின் தலையில் ஏற்றிவிட்டார். "இம்முறையைத் திரும்பத் திரும்பக் கையாண்டால், கிடைக்கும் இடைவெளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உண்மைச் சராசரியை உள்ளடக்கும், அத்தகைய இடைவெளிகளுள் ஒன்று இது" என்று எழுதியிருந்தால் ஆசிரியரின் சிவப்பு மை மிஞ்சியிருக்கும்.

இந்த உவமையை விட மனம் வரவில்லை. தொண்ணூற்றைந்து போதாது, தொண்ணூற்றொன்பது வேண்டும் என்கிறவர் இன்னும் அகன்ற பஞ்சாரம் பின்னலாம். நூறே வேண்டும் என்கிறவர் முற்றத்தையே மூடும் பஞ்சாரத்தைக் கவிழ்த்துவிட்டு, கோழி முற்றத்தில் இருக்கிறது என்று பிரகடனம் செய்யலாம். அதைக் கேட்க யாரும் கூடமாட்டார்கள். உறுதியும் வேண்டும், கூடையும் சிறிதாக வேண்டும் என்றால் ஒரே மார்க்கம் மாதிரியைப் பெரிதாக்குவது. அளக்கப்படும் ஒவ்வொரு மாணவனையும் ஒரு மூங்கில் பிளாச்சாகக் கொண்டால், பிளாச்சு கூடக் கூடக் கூடை சிறுத்துக்கொண்டு போகிறது. எந்தக் கூடை முடைபவனும் கண்டிராத விபரீதம் இது. அதிலும் கஞ்சத்தனமாகவே சிறுக்கிறது. அகலத்தைப் பாதியாக்கப் பிளாச்சு நான்கு மடங்கு வேண்டும், பத்திலொன்றாக்க நூறு மடங்கு வேண்டும்; மாதிரியின் எண்ணிக்கை அங்கே வர்க்கமூலமாக மட்டுமே நுழைகிறது. இன்னொரு விசேஷம், முற்றத்தின் பரப்பை இந்தக் கணக்கு ஏறக்குறையப் பொருட்படுத்துவதே இல்லை. ஆயிரம் பேரைக் கேட்டால் நூற்றுக்கு மூன்று அளவில் பிழை எல்லை என்பது, ஒரு மாவட்டத்துக்கும் இந்தியா முழுமைக்கும் ஒன்றே. கிழவி கவிழ்த்த பிறகு உள்ளிருந்து சிறகடிக்கும் சத்தம் கேட்டால் அவளுடைய நம்பிக்கை கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கூடும், ஆனால் அது பேயஸ் என்பவர் பெயரால் வழங்கும் வேறொரு சம்பிரதாயத்தின் விவகாரம். அதில் இறங்கினால் இந்த இதழ் போதாது.

சரித்திரம் சொல்லாவிட்டால் கட்டுரை பூர்த்தியாகாது என்று கருதுகிறவர்களுக்காக ஒரு பத்தி. டப்ளின் நகரத்து கின்னஸ் மதுபான ஆலையில் பணிபுரிந்த கோஸெட் என்பவர், சிறிய மாதிரிகளைக் கையாளும் வழியை 1908இல் 'மாணவன்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். 1925இல் வந்த ஃபிஷரின் நூல், பின்னால் நாம் பார்க்கப்போகும் எடுகோள் சோதனையில் நூற்றுக்கு ஐந்து என்ற எல்லையை உலக வழக்கமாக்கியது. நெய்மனும் ஈகான் பியர்சனும் 1933இல் சோதனைகளுக்கு வேறு வகையான அஸ்திவாரம் போட்டார்கள். அடுத்த ஆண்டு நெய்மன் தம் நம்பிக்கை இடைவெளியை லண்டன் ராயல் புள்ளியியல் சங்கத்தில் எடுத்துரைத்தபோது, பவ்லி என்ற பேராசிரியர், இது நம்பவைத்து ஏமாற்றும் வித்தையாக இருக்குமோ என்ற தம் சந்தேகத்தைச் சபையிலேயே வெளியிட்டார். ஃபிஷரும் நெய்மனும் பின்னர், ஃபிஷர் மாண்டு மறையும்வரை சச்சரவிட்டுக்கொண்டார்கள். பாடப்புத்தக ஆசிரியர்களோ இருவரையும் ஒரே அத்தியாயத்தில் அடைத்து, சண்டை நடந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மாணவர்கள் குழம்புவதில் பாதி இதனால் விளைவது.

இனி எடுகோள் சோதனைக்கு வருவோம். பாடப்புத்தகங்கள் இதற்கு மின்விளக்குகளின் ஆயுளையும் நாணயம் சுண்டுவதையும் உதாரணம் காட்டும். சென்னையிலேயே நடந்த மகத்தான ஒன்று இருக்க, அவை எதற்கு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவற்றின் கூட்டு முயற்சியாக 1956இல் சென்னையில் ஒரு காசநோய்ச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. க்ஷயரோகிக்கு ஆகாரமும் ஓய்வும் நல்ல காற்றும் அத்தியாவசியம், ஆகவே ஆரோக்கிய சாலையில் படுக்கை அத்தியாவசியம் என்று வைத்தியர்கள் நம்பியிருந்த காலம் அது. நாட்டில் நோயாளிகளோ லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகளின் தொகை அதற்கு அருகிலும் வரவில்லை. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை யதேச்சையாக இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஆரோக்கிய சாலைக்கு அனுப்பி, மற்றவர்களை நெருக்கடியான தம் வீடுகளிலேயே இருக்கச் செய்து, இரு சாராருக்கும் ஐசோநயாசிட், பாஸ் என்ற அதே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். ஆண்டு முடிவில் கிருமி அடங்கியவர்கள் வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 86, ஆரோக்கிய சாலைப் பிரிவில் நூற்றுக்கு 92 என்று 1959இல் வெளியான அறிக்கை கூறிற்று.

வித்தியாசம் 6. இது மெய்யா, தற்செயலா? சோதனையின் தந்திரம், வித்தியாசமே இல்லை என்று முதலில் ஒப்புக்கொண்டு தொடங்குவதில் இருக்கிறது. இதற்குப் பெயர் இன்மை எடுகோள். இரு சிகிச்சையும் சமமானவையாகவே இருந்தாலும், எந்த நோயாளி எந்தப் பக்கம் விழுந்தான் என்ற சந்தர்ப்ப பேதத்தால் மட்டும் இவ்வளவு வித்தியாசம் எத்தனை தடவை தோன்றும் என்று கணக்கிட வேண்டும். எளிமைக்காகச் சற்றுக் குறைத்துப் பக்கத்துக்கு 80 பேர் என்று கொண்டால், வித்தியாசத்தின் திட்டப்பிழை, அதாவது சந்தர்ப்பத்தால் மட்டும் அது ஆடக்கூடிய அளவு, ஏறக்குறைய 5. நமக்குக் கிடைத்த 6 அதில் ஒன்றேகால் மடங்குகூட இல்லை. உண்மையில் பேதமே இல்லாத உலகத்திலும், இந்த அளவோ இதற்கு மேலோ உள்ள வித்தியாசம், இந்தப் பக்கமாகவோ அந்தப் பக்கமாகவோ, நூற்றுக்கு 22 தடவை தலைகாட்டும். ஐந்துக்குக் கீழே வந்தாலொழிய எடுகோளைத் தள்ளுவதில்லை என்பது சம்பிரதாயம்; ஆகவே தள்ளவில்லை. இந்த 22, சிகிச்சைகள் சமமாக இருப்பதற்கான சாத்தியம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சமம் என்று வைத்துக்கொண்ட பிறகு பிறந்த எண், அந்தச் சமத்துவத்துக்கே சாட்சி சொல்ல வர முடியாது.

இந்த இடத்தில் பெரும்பாலான மாணவர்கள் "வித்தியாசம் இல்லை" என்று எழுதிப் பேனாவை மூடிவிடுகிறார்கள். மெத்தப் படித்த சில வைத்தியர்களும் அவ்வாறே செய்வதுண்டு. இடைவெளியைப் பின்னிப் பார்த்தால் விஷயம் வேறு நிறம் பெறுகிறது. ஆறுக்கு இருபுறமும் திட்டப்பிழையில் இரு மடங்கு போனால், குறை 4இலிருந்து நிறை 16 வரை ஒரு பஞ்சாரம் கிடைக்கிறது. அதற்குள் பூஜ்யம் இருக்கிறது. சோதனை கேட்டதெல்லாம் பூஜ்யம் உள்ளே இருக்கிறதா என்ற அந்த ஒரு கேள்விதான். ஆனால் 16க்கு அருகிலுள்ள எண்களும் அதே கூடைக்குள் இருக்கின்றன. ஆரோக்கிய சாலை நூற்றுக்கு நான்கு பேர் குறைவாகக் குணப்படுத்துவதாகவும் இருக்கலாம், பதினாறு பேர் அதிகமாகக் குணப்படுத்துவதாகவும் இருக்கலாம். இத்தரவு அதற்கு மேல் குறுக்கிச் சொல்லாது. "இல்லை" என்பதற்கும் "சொல்வதற்கில்லை" என்பதற்கும் உள்ள தூரம் சோதனையின் விடையில் மறைந்துபோகிறது, இடைவெளியில் பச்சையாகத் தெரிகிறது.

அப்படியானால் வீட்டுச் சிகிச்சையை ஏற்றது பிசகா? அங்கேதான் அந்த ஆராய்ச்சியாளர்களின் விவேகம். பதினாறையே எடுத்துக்கொண்டு மிகப் பாதகமாகக் கணக்கிட்டாலும், அதைப் படுக்கையே கிடைக்காமல் வாசலில் நிற்கும் லட்சக்கணக்கானவர்களோடு அல்லவா நிறுக்க வேண்டும்? வீட்டில் நோயாளியை வைத்திருந்தால் குடும்பத்துக்குத் தொற்றிவிடும் என்ற அச்சம் ஒன்று பாக்கியிருந்தது. அதையும் ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்து, அப்படி அதிக அபாயம் இல்லை என்று கண்டார்கள். இந்திய நாட்டுக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையின் மீது எழுந்து நிலைத்ததற்கு இவையெல்லாம் சேர்ந்தே காரணம். நூற்றுக்கு ஐந்து என்ற கோடு தனித்து நின்று எதையும் தீர்மானித்துவிடவில்லை.

அந்தக் கோட்டுக்கு இன்று கிடைக்கும் பூஜையைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காப்பி குடித்தால் ஆயுள் நீளும், முருங்கைக்கீரை ஞாபகசக்தி தரும் என்று வாரந்தோறும் வெளியாகும் செய்திகளுக்குப் பின்னால் எத்தனை சோதனைகள் செய்யப்பட்டன என்று யாரும் கேட்பதில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற, ஒன்றிலும் சாரமில்லாத இருபது எடுகோள்களைச் சோதித்தால், குறைந்தது ஒன்றாவது கோட்டைத் தாண்டிவிடுவதற்கான நிகழ்தகவு நூற்றுக்கு 64; தாண்டிய ஒன்று அச்சேறும், மற்றவை மேஜை இழுப்பறையில் உறங்கும். அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016இல் இது குறித்து எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது. ஆயினும் கோட்டின் செல்வாக்கு குறைந்ததாகத் தெரியவில்லை.

இடைவெளியையும் இவ்வாறு கண்மூடிப் பூஜிப்பதற்கில்லை. 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை, 23 லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடமிருந்து பதில் வாங்கி, ஜனாதிபதித் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. அத்தனை பிளாச்சில் பின்னிய பஞ்சாரத்தின் அகலம், மாதிரி யதேச்சையானதாக இருந்திருந்தால், நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டியிராது. ஆனால் கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் டெலிபோன் புத்தகத்திலும் மோட்டார் வண்டிப் பதிவேட்டிலும் பெயர் உள்ள வசதிக்காரர்கள். பதில் போட்டவர்களோ அவர்களிலும் ஆத்திரக்காரர்கள். கோழி ஒரு வீட்டு முற்றத்தில் இருக்க, அவர்கள் அதிநேர்த்தியான பஞ்சாரத்தை அடுத்த வீட்டு முற்றத்தில் கவிழ்த்தார்கள். லாண்டனை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் ஏறக்குறைய நாட்டையே வாரிக்கொண்டு போனார். "பிழை எல்லை மூன்று சதவீதம்" என்று நம் கணிப்பாளர்கள் போடும் அடிக்குறிப்பு, சந்தர்ப்பத்தால் வரும் பிழையை மட்டுமே கணக்கில் கொள்கிறது. தப்பான ஆட்களைக் கேட்டதும், கேட்கப்பட்டவர்கள் பொய் சொன்னதும் அதில் சேர்த்தியில்லை.

பரீட்சைக்குத் தயார் செய்யும் வாசகருக்கு ஒரு பயிற்சி தருகிறேன். அதே 86, அதே 92, ஆனால் பக்கத்துக்கு 80 பேருக்குப் பதில் 320 பேர் என்று வைத்துச் சோதனையையும் இடைவெளியையும் மறுபடி போடுங்கள். மாறாத அந்த ஆறு, இம்முறை கோட்டைத் தாண்டி, நூற்றுக்கு ஒன்றரை என்ற அளவில் வந்து நிற்கும். இடைவெளி சுமார் 1 முதல் 11 வரை வர வேண்டும். வராவிட்டால் வர்க்கமூலம் எடுக்க மறந்திருப்பீர்கள்.