208 கிலோபைட் தொட்டி

அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் ஊஞ்சல் உற்சவம் நடக்கும். செஞ்சிப் பக்கத்துச் சிற்றூர் அது. அன்று மட்டும் பெருங்கூட்டம் வந்து இறங்குகிறது. ஏறக்குறைய எல்லோர் கையிலும் கைபேசி. ஊருக்கு அளவாகப் போட்ட இணைப்புகள் சில மணி நேரம் ஒரு நகரத்தின் பாரத்தைத் தாங்க வேண்டும். இப்படிப்பட்ட நேரத்தில் எந்த ரூட்டர் திணறுகிறது, எந்த இணைப்பு விட்டுவிட்டு வருகிறது என்று உடனுக்குடன் சொல்வதற்கென்றே வலைக் கண்காணிப்பு மென்பொருள்கள் இருக்கின்றன. 1999இல் தொடங்கிய ஓப்பன்என்எம்எஸ் அவற்றில் ஒன்று. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்கும் பாரத்நெட் போன்ற திட்டங்களை ஆள் வைத்துப் பார்த்தால் கட்டுப்படியாகாது.

கண்காணிப்பு இரண்டு விதமாக நடக்கிறது. மென்பொருளே கருவிகளிடம் போய் விசாரிக்கும். கருவிகள் தாமாக அனுப்பும் எச்சரிக்கைகளையும் வாங்கிக்கொள்ளும். இன்று இந்த மென்பொருளை டாக்கர் என்ற கருவியின் கன்டெய்னருக்குள் வைத்து ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. கன்டெய்னர் தனிக் கணினி அல்ல. அதற்கென்று தனி முகவரி, தனிப் போர்ட்டுகள் இருந்தாலும், அடியில் இருக்கும் லினக்ஸ் கெர்னல் எல்லாக் கன்டெய்னர்களுக்கும் பொது. கெர்னலின் வலை அமைப்புகளில் சில கன்டெய்னருக்கு உள்ளே மாறும். சிலவற்றை வெளியே, தாய்க் கணினியில்தான் மாற்ற முடியும். எது எங்கே என்று தெரியாமல்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

உள்ளே மாறுவதற்கு ஓர் உதாரணம் பிங். ஒரு கருவி உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் இந்தச் சின்ன நிரலை மைக் மூஸ் 1983இல் எழுதினார். வெகுகாலம் இதற்கு ரூட் அதிகாரம் தேவைப்பட்டது. 2011இல் வந்த லினக்ஸ் 3.0, எந்த எண் முதல் எந்த எண் வரையிலான குழுக்களுக்கு ரூட் அதிகாரம் இல்லாமலே பிங் செய்ய அனுமதி என்று குறிக்க இடம் கொடுத்தது. ஆனால் கெர்னல் அதில் இயல்பாக வைத்திருக்கும் மதிப்பு ‘1 0’. தொடக்கம் முடிவைவிடப் பெரிது. ஆகவே யாருக்கும் அனுமதி இல்லை. 2020 கடைசியில் வந்த டாக்கர் 20.10 இதைத் தானே திறந்துவிடுகிறது. பழைய பதிப்பு என்றால் கன்டெய்னரைத் தொடங்கும்போதே நாம் குறிப்பிட வேண்டும். இது சுலபமான வேலை.

என்னைக் கவலைப்பட வைப்பது இன்னொன்று. ரூட்டர்கள் அனுப்பும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் யூடிபி முறையில் வருகின்றன. தவறிப்போனால் மறுபடி அனுப்பும் ஏற்பாடு அதில் இல்லை. வந்து சேர்ந்தவை, மென்பொருள் எடுத்துக்கொள்ளும்வரை கெர்னலின் நினைவகத்தில் காத்திருக்கும். பம்புசெட் தொட்டியைப் போலத்தான்: வாய்க்காலில் போவதைவிட மோட்டார் வேகமாகக் கொட்டினால் தண்ணீர் விளிம்பில் வழிந்துவிடும். இந்தத் தொட்டியின் வழக்கமான கொள்ளளவு 2,12,992 பைட். சரியாக 208 கிலோபைட். ஒவ்வொரு செய்திக்கும் கெர்னல் தன் கணக்கு விவரத்துக்கும் சேர்த்து இடம் பிடிப்பதால் ஆயிரம் சிறு செய்திகள்கூட இதில் அடங்குவதில்லை. பிரச்சினை பெருகும் நேரத்தில் எச்சரிக்கைகளும் பெருகும். மிகவும் தேவையான செய்திகள்தான் அப்போது தொலைகின்றன, திரையிலோ எல்லாம் அமைதியாகத் தெரிகிறது. பழுதான கண்காணிப்பைவிட ஆபத்தானது இது.

இந்தத் தொட்டியின் உச்சவரம்பான ‘ஆர்மெம் மேக்ஸ்’ஸை உயர்த்துவது தாய்க் கணினியில் செய்ய வேண்டிய வேலை. அது மட்டும் போதாது. மென்பொருளும் தனக்குப் பெரிய தொட்டி வேண்டும் என்று கேட்க வேண்டும். வரம்பை மீறிக் கேட்டால் கெர்னல் மறுப்புச் சொல்லாது, ஓசைப்படாமல் குறைத்துக் கொடுத்துவிடும். கட்டளையாக மட்டும் அடித்தால் மாற்றம் அடுத்த ரீபூட் வரைதான் நிற்கும். நிலைக்க வேண்டுமானால் கெர்னல் அமைப்புகளுக்கான சிஸ்சிடிஎல் கோப்பில் எழுதி வைக்க வேண்டும்.

வழிந்ததா என்பதைக் கெர்னலே எண்ணி வைத்திருக்கிறது. ‘ரிசீவ் பஃபர் எரர்ஸ்’ என்ற அந்த எண்ணிக்கை ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனித்தனி. வரம்பு வெளியே, கணக்கு உள்ளே. தாய்க் கணினியில் பார்த்துப் பூஜ்யம் என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. கன்டெய்னருக்குள் நுழைந்து, சில நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் செய்திகள் இந்த நிமிடமும் தொலைந்துகொண்டிருக்கின்றன.