கடைசியில் நின்ற சில சொற்கள்... 10 ஆண்டு சிறை! ஆங்கிலத்தில் சொல் வரிசை ஏன் இவ்வளவு முக்கியம்?

2016 மார்ச் 1. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒருவருக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டு சிறை கட்டாயமா, இல்லையா என்பதுதான் வழக்கு. அவர் குற்றம் செய்தாரா என்பதில் சந்தேகமே இல்லை. அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். சண்டை முழுக்க வேறொரு விஷயத்தில். சட்ட வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் சில சொற்கள், தங்களுக்கு முன்னால் இருக்கும் எந்தச் சொல்லோடு சேரும்?

இதென்ன, இலக்கண வகுப்பில் கேட்கிற கேள்வி மாதிரி இருக்கே என்று தோன்றலாம். ஆனால் ஆங்கிலத்தில் இது பெரிய கேள்வி. ஏன்னா, அந்த மொழியில் அர்த்தத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது சொல் நிற்கும் இடம்தான். அது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

தமிழில் உருபு, ஆங்கிலத்தில் இடம்

"நாய் மனிதனைக் கடித்தது." இதையே "மனிதனை நாய் கடித்தது" என்றும் சொல்லலாம். "கடிச்சிருச்சு மனுசனை, அந்த நாய்" என்று பதறிப்போய்ச் சொன்னாலும் யாருக்கும் குழப்பம் வராது. கடிபட்டது யார் என்பதை 'மனிதனை' என்ற சொல்லில் ஒட்டியிருக்கும் 'ஐ' சொல்லிவிடுகிறது. பள்ளியில் இரண்டாம் வேற்றுமை உருபு என்று படித்தோமே, அதேதான்.

ஆங்கிலத்தில் இது "தி டாக் பிட் தி மேன்". இப்போது இரண்டு பெயர்களை இடம் மாற்றுங்கள்: "தி மேன் பிட் தி டாக்". அதே ஐந்து சொற்கள். ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் இப்போது கடித்தது மனிதன், கடிபட்டது நாய்!

வினைக்கு முன்னால் நிற்பவர் செய்தவர், பின்னால் நிற்பவர் அந்தச் செயலுக்கு ஆளானவர். எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற இந்த வரிசைதான் ஆங்கிலத்தின் முதுகெலும்பு. தமிழில் வினை கடைசியில் வரும். இந்தி, ஜப்பானியம், கொரிய மொழிகளிலும் அப்படித்தான்.

ஆங்கிலம் எப்போதுமே இப்படியா?

இல்லை. சுமார் 1000 ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலும் நம் வேற்றுமை உருபு மாதிரியே சொல்லின் வடிவம் மாறும். இன்று எல்லா இடத்திலும் 'தி' என்று வரும் சொல், அன்று ராஜா எழுவாயாக இருந்தால் ஒரு வடிவம், செயப்படுபொருளாக இருந்தால் வேறு வடிவம். அதனால் சொற்களை இன்றைவிடத் தாராளமாக இடம் மாற்ற முடிந்தது.

பிறகு என்ன ஆனது? அழுத்தம் இல்லாத சொல்லின் கடைசி ஒலிகள் பேச்சில் தேய ஆரம்பித்தன. வைக்கிங்குகள் இங்கிலாந்தில் குடியேறியதும், 1066-ல் நார்மன்கள் நாட்டைப் பிடித்ததும் இந்த மாற்றத்துக்கு வேகம் கொடுத்தன என்று மொழியியலாளர்கள் பலர் விளக்குகிறார்கள். அடுத்த சில நூற்றாண்டுகளில் பெரும்பாலான உருபுகள் காணாமல் போயின. அவை பார்த்த வேலையைச் சொல் வரிசை எடுத்துக்கொண்டது.

பழைய முறையின் மிச்சம் இன்றும் இருக்கிறது. 'ஹீ - ஹிம்', 'தே - தெம்' என்று வடிவம் மாறுகிறதே, அது அந்தக் காலத்துச் சொத்து.

கேள்வி கேட்டால் வரிசை ஏன் புரளுகிறது?

தமிழில் கேள்வி கேட்பது சுலபம். 'வருகிறாள்' என்பதோடு ஓர் 'ஆ' சேர்த்தால் 'வருகிறாளா?' ஆகிவிடும். ஆங்கிலத்தில் ஒட்ட எதுவும் இல்லை. எனவே இடத்தை மாற்றுகிறார்கள். "ஷீ இஸ் கமிங்" என்பது "இஸ் ஷீ கமிங்?" ஆகிறது.

முன்னால் தள்ள துணைவினை எதுவும் இல்லையென்றால்? 'டூ' அல்லது 'டஸ்' உதவிக்கு வரும். "ஹீ ஒர்க்ஸ் ஹியர்" என்பது "டஸ் ஹீ ஒர்க் ஹியர்?" ஆகும். ஷேக்ஸ்பியர் காலத்தில் முக்கிய வினையையே நேராக முன்னால் தூக்கி வைத்துக் கேள்வி கேட்கும் வழக்கம் இருந்தது. இப்போது அது கிடையாது.

நம்மில் பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. "வேர் இஸ் ஹீ?" என்பது சரி. ஆனால் "ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ" என்பது தவறு. "ஐ டோன்ட் நோ வேர் ஹீ இஸ்" என்பதே சரி. காரணம் சிம்பிள். இடம் புரளுவது 'நான் இப்போ உன்னைக் கேட்கிறேன்' என்பதற்கான அடையாளம். "அவர் எங்கே என்று தெரியாது" என்று சொல்லும்போது யாரையும் கேட்கவில்லை, தகவல்தான் சொல்கிறோம். அதனால் வரிசை பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

யாரும் சொல்லித் தராத வரிசை

"பிக் ரெட் பஸ்" என்பார்கள். "ரெட் பிக் பஸ்" என்றால் ஆங்கிலேயர் காதுக்கு ஏதோ இடிக்கும். பெயருக்கு முன்னால் வரும் அடைமொழிகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் நிற்கும்: முதலில் நம் கருத்து, பிறகு அளவு, வயது, நிறம், எந்த ஊர், எதனால் செய்தது. "எ நைஸ் பிக் ஓல்டு பிரவுன் வுடன் டேபிள்" என்பதில் இந்த வரிசையைப் பார்க்கலாம்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகள் இதைக் கேட்டுக் கேட்டே பழகிவிடுகிறார்கள். விதிவிலக்கும் உண்டு. கதைகளில் வரும் 'பிக் பேட் உல்ஃப்'-ல் அளவு முதலில், கருத்து பிறகு. இதற்கு ஒலியின் ஓட்டத்தைக் காரணமாகச் சொல்கிறார்கள். 'டிக் டாக்', 'ஜிக் ஜாக்' போல 'இ' ஒலி முதலில் வருவதுதான் ஆங்கிலக் காதுக்குப் பழக்கம்.

ஒரே ஒரு 'ஒன்லி'

இந்த மூன்று வாக்கியங்களைப் பாருங்கள்.

"ஒன்லி ரவி பெய்ட் 500 ருபீஸ்": ரவி மட்டும்தான் 500 ரூபாய் கொடுத்தார், மற்றவர்கள் கொடுக்கவில்லை.

"ரவி பெய்ட் ஒன்லி 500 ருபீஸ்": ரவி கொடுத்தது வெறும் 500 ரூபாய்.

"ரவி ஒன்லி பெய்ட் 500 ருபீஸ்": வெறும் 500 தான் கொடுத்தார் என்றும் எடுக்கலாம், பணம் கொடுத்ததைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை என்றும் எடுக்கலாம்.

பேச்சில் எந்தச் சொல்லை அழுத்திச் சொல்கிறோம் என்பதை வைத்துப் புரிந்துவிடும். ஆனால் அச்சிட்ட சட்டப் புத்தகத்துக்குக் குரல் கிடையாது. அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

அந்த 10 ஆண்டு வழக்கில் நடந்தது என்ன?

குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்களை வைத்திருந்ததாக ஒப்புக்கொண்டவர் அவர். அதற்கு முன்பே, வயது வந்த பெண் ஒருவர் மீதான பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவர். பழைய தண்டனை குறிப்பிட்ட மூன்று வகைகளில் ஒன்றாக இருந்தால் குறைந்தபட்சம் 10 ஆண்டு சிறை என்கிறது சட்டம். மூன்று வகைப் பாலியல் குற்றங்களை வரிசையாக அடுக்கிவிட்டு, கடைசியில் 'சிறார் அல்லது பாதுகாப்பில் இருப்பவர் சம்பந்தப்பட்ட' என்ற பொருள்தரும் தொடர் வருகிறது.

அந்தத் தொடர் மூன்றோடும் சேருமானால், அவருடைய பழைய வழக்கு கணக்கில் வராது. ஏனென்றால் அதில் பாதிக்கப்பட்டவர் சிறார் அல்ல. கடைசிக் குற்றத்தோடு மட்டும் சேருமானால், 10 ஆண்டு கட்டாயம்.

சுலபமாகப் புரிய, ஒரு கடைச் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். "ஆப்பிள்ஸ், மேங்கோஸ் ஆர் கிரேப்ஸ் ஃப்ரம் நாசிக்" என்று எழுதியிருக்கிறது. நாசிக்கிலிருந்து வர வேண்டியது திராட்சை மட்டுமா, மூன்று பழமுமா?

நீதிபதிகள் 6-2 என்று பிரிந்தார்கள். கடைசிச் சொல்லோடு மட்டுமே சேரும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சோனியா சோட்டோமேயர். சாதாரணமாக ஆங்கிலம் பேசுபவர் மூன்றோடும் சேர்த்துத்தான் புரிந்துகொள்வார் என்று மாறுபட்டு எழுதியவர் எலினா ககன். உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கே ஒரே வாக்கியம் இரண்டு விதமாகப் புரிந்திருக்கிறது!

2021-ல் தலைகீழ்

ஐந்து ஆண்டு கழித்து அதே நீதிமன்றத்துக்குப் பேஸ்புக் நிறுவனத்தின் வழக்கு வந்தது. பேஸ்புக் கணக்கே இல்லாத ஒருவரின் மொபைலுக்கு, 'உங்கள் கணக்கில் யாரோ நுழைய முயல்கிறார்கள்' என்ற எச்சரிக்கை எஸ்எம்எஸ் வந்துகொண்டே இருந்திருக்கிறது. தானாக எண்களை அழைக்கும் கருவிகளைக் கட்டுப்படுத்தும் 1991-ம் ஆண்டு சட்டத்தின் கீழ் அவர் வழக்குப் போட்டார்.

எண்களைச் 'சேமிக்க அல்லது உருவாக்க' முடிகிற கருவி என்று சொல்லிவிட்டு, காற்புள்ளி போட்டு, 'குத்துமதிப்பாகவோ வரிசையாகவோ எண்களை உண்டாக்கும் முறையைப் பயன்படுத்தி' என்று முடிகிறது அந்தச் சட்ட வாக்கியம். இந்தக் கடைசித் தொடர் 'உருவாக்க' என்பதோடு மட்டும் சேருமா, 'சேமிக்க' என்பதோடும் சேருமா?

இரண்டோடும் சேரும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். வெறுமனே எண்களைச் சேமித்து வைத்து எஸ்எம்எஸ் அனுப்பியது சட்டத்துக்குள் வராது என்பதால் பேஸ்புக் ஜெயித்தது. தீர்ப்பை எழுதியவர், அதே சோட்டோமேயர்! நெருக்கமாகக் கோத்த வாக்கியம், தொடருக்கு முன்னால் இருந்த காற்புள்ளி ஆகியவை இந்த முறை காரணமாகக் காட்டப்பட்டன.

தமிழில் இந்தக் குழப்பம் இல்லையா?

இருக்கிறது, ஆனால் எதிர்ப்பக்கம். "பழைய பஸ்களும் கார்களும் விற்பனைக்கு" என்று ஒரு போர்டு இருந்தால், கார்களும் பழையதா? தமிழில் அடைமொழி முன்னால் வருவதால் குழப்பமும் முன்னால் வருகிறது. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட நீளமான தொடர்கள் பின்னால் வருவதால் குழப்பம் வால்பக்கம் வருகிறது.

என்ன செய்யலாம்?

வேலைக்கு விண்ணப்பமோ, வாடகை ஒப்பந்தமோ, ஆபீஸ் மெயிலோ, ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டை மட்டும் கவனித்தால் போதும். 'ஒன்லி'-யை அது எந்தச் சொல்லுக்கு உரியதோ அதற்குச் சற்று முன்னால் வையுங்கள். பட்டியலின் கடைசியில் ஒரு நிபந்தனை வந்தால், அது எல்லாவற்றுக்குமா, கடைசி ஒன்றுக்கு மட்டுமா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் ஒரே வாக்கியத்தை இரண்டாக உடைத்து எழுதிவிடுங்கள்.

கையெழுத்துப் போடச் சொல்லி யாராவது ஆங்கில ஒப்பந்தத்தை நீட்டினாலும் இதே கேள்வியைக் கேட்கலாம். கையெழுத்துக்கு முன்னால் கேட்டால் ஒரு நிமிஷம்தான் ஆகும்.