பூட்டிய வீடும் காமிராவும்

மே மாதம் பிறந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதும், தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மவர் வீடுகளில் ஒரே பரபரப்புத்தான். பெட்டிகளைக் கட்டி, வாசற்கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு ரயிலில் ஏறிவிடுகிறோம். சொந்த ஊராயிருந்தால் பூட்டிய வீட்டின் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சித்தப்பா இருப்பார். எதிர்வீட்டு மாமி இருப்பார். வெளி மாநிலத்தில் அந்தக் கண் இல்லாத குறையைப் போக்கவே, இக்காலத்தில் பலரும் காமிராவை நாடுகிறார்கள். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எங்கே எத்தனை வைப்பது என்பதையே இப்பேச்சில் ஆராய எண்ணுகிறோம்.

எங்கள் வீட்டு அனுபவத்தை முதலில் சொல்லிவிடுவது நியாயம். சில ஆண்டுகளுக்கு முன், தில்லியில் நாங்கள் குடியிருந்த இரண்டாம் மாடி வீட்டில் நான்கு காமிராக்களைப் பொருத்திவிட்டு, கவலையற்று ஊருக்குப் புறப்பட்டோம். முப்பத்திரண்டு நாள் கழித்துத் திரும்பியபோது பின்பக்கத்துப் பால்கனிக் கதவு நெம்பித் திறக்கப்பட்டிருந்தது. கல்யாணத்தின்போது அம்மா கொடுத்த வெள்ளிக் குத்துவிளக்குகள் இரண்டையும் காணோம். காவல் நிலையத்திலிருந்து வந்தவர் கேட்ட முதற்கேள்வி, “பதிவு இருக்கிறதா?” என்பதே. பெருமையோடு பதிவுப் பெட்டியைத் திறந்து காட்டினோம். அதில் கடைசிப் பதினோரு நாட்கள்தாம் இருந்தன. நாங்கள் கிளம்பிய ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, இரவில் மேல்வீட்டில் ஏதோ சத்தம் கேட்டதாகக் கீழ்வீட்டு வங்காளி அம்மையார் சொன்னார். அந்த இரவு பெட்டியிலிருந்து அழிந்து வெகுநாள் ஆகிவிட்டிருந்தது.

இதற்குக் காரணம் திருடனுடைய சாமர்த்தியம் அன்று. நாங்கள் கணக்குப் போடாமைதான். கணக்கு எளியதே. சாதாரணத் தெளிவுள்ள ஒரு காமிரா விநாடிக்கு 2 மெகாபிட் அளவு செய்தியை அனுப்புவதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 86,400 விநாடிகள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே ஒரு காமிராவுக்கு ஒரு நாளைக்கு 21.6 ஜிகாபைட் இடம் வேண்டும். நான்கு காமிராவுக்கு 86 ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். கடைக்காரர் கொடுத்த 1 டெராபைட் தட்டு, அதாவது 1,000 ஜிகாபைட், பதினொன்றரை நாளில் நிரம்பிவிடும். நிரம்பியதும் பெட்டி நின்றுவிடுவதில்லை. மிகப் பழைய நாளை அழித்து அதன் மேலேயே புதிய நாளை எழுதிக்கொண்டு போகிறது. ஒரு மாத லீவில் போகிறவர்களுக்குப் பதினொரு நாள் நினைவுள்ள காவற்காரனால் என்ன பயன்? ‘எச் 265’ என்னும் புதிய சுருக்கு முறையில் ஏறக்குறையப் பாதி இடம் போதும். அதனோடு 2 டெராபைட் தட்டும் சேர்ந்தால் நாற்பத்தாறு நாள் வரை தாங்கும். அசைவு தெரியும்போது மட்டும் பதிவு செய்யும் ஏற்பாடும் உண்டு. அது இன்னும் மிச்சம் பிடிக்கும். ஆனால் வாசலில் வேப்பமரம் இருந்தால் ஒவ்வோர் இலையும் அதற்கு அசைவுதான்.

இனி இடத்தைப் பற்றிச் சொல்வோம். கடைக்குப் போகுமுன் ஒரு வெள்ளைத் தாளில் வீட்டை வரைந்துகொள்ளுங்கள். வாசல், பால்கனி, சமையலறைப் பின்கதவு, மொட்டைமாடிக்குப் போகும் படி, பின்புறச் சந்து எல்லாம் அதில் இருக்கட்டும். பிறகு, திருடன் நாமேயானால் எவ்வழியாக வருவோம் என்று யோசியுங்கள். எங்கள் நான்கு காமிராக்களில் இரண்டு மாடிப்படியைப் பார்த்தன, ஒன்று கூடத்தை, மற்றொன்று தெருவில் போகும் மோட்டார்களை. பின் பால்கனியைப் பார்க்க ஒன்றுகூட இல்லை.

காமிராவிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்பதே அடிப்படைக் கேள்வி. வீட்டுக் காவலுக்கென்று காமிராவை முதலில் எண்ணியவர்களில் ஒருவர் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் அமெரிக்க மாது. நியூயார்க்கில் நர்ஸாக இருந்தவர். அகால வேளையில் கதவு தட்டப்பட்டால், தட்டுகிறவர் யார் என்று எழுந்து போகாமலே தெரியவேண்டும் என்பது அவருக்கு இருந்த தேவை. அதற்காக அவரும் அவர் கணவரும் அமைத்த ஏற்பாட்டுக்கு 1969 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. கதவில் உயர வித்தியாசத்துடன் நான்கு துளைகள், அவற்றின் வழியே பார்க்க மேலும் கீழும் நகரும் ஒரு காமிரா, உள்ளே படத்திரை. அவருடைய கேள்வி ‘யார்?’ என்பது. ‘யாராவது வருகிறார்களா?’ என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே காமிரா விடை சொல்லிவிடாது.

இதற்குச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 2014ஆம் ஆண்டில் ஓர் அளவே வகுத்தது. முன்பின் தெரியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் மீட்டருக்கு 250 படப்புள்ளிகள் விழவேண்டும். தெரிந்தவரை இன்னாரென்று உணர 125 போதும். யாரோ ஒருவர் நிற்கிறார் என்று அறிய 25 போதும். பெரும்பாலோர் வாங்கும் 2 மெகாபிக்ஸெல் காமிராவின் படம் 1,920 புள்ளி அகலமுள்ளது. அதை 250ஆல் வகுத்தால் ஏழேமுக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் மிக அகலமாகப் பார்ப்பதால், ஏறக்குறையப் பத்தடித் தூரத்திலேயே அந்த அகலத்தை எட்டிவிடுகிறது. அதற்கு அப்பால் நிற்பவரின் முகம் சாட்சிக்கு உதவாது. 6 மில்லிமீட்டர் லென்ஸ் குறுகலாகப் பார்க்கும். ஆனால் இருபத்தைந்தடி வரை முகத்தைக் காட்டும். கதவருகில் அகன்ற லென்ஸும் நீண்ட சந்துக்குக் குறுகிய லென்ஸும் பொருந்தும் என்பது இதனால் விளங்கும். மெகாபிக்ஸெல் எண்ணை மட்டும் கேட்டு வாங்குவது, துணியின் நீளத்தைக் கேட்டு அகலத்தைக் கேளாமல் வாங்குவது போன்றது.

உயரமும் முக்கியம். எட்டு, ஒன்பதடிக்கு மேலே போனால் வழுக்கைத் தலைதான் தெரியும். தில்லிக் குளிர்காலமாயிருந்தால் அதுவும் தெரியாமல் குரங்குக் குல்லாய் தெரியும். நிஜக் குரங்குகளும் காமிராவைத் திருப்பிவிடுவதுண்டு. இரவில் காமிரா தானே வீசும் அகச்சிவப்பு ஒளியால் பார்க்கிறது. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் அந்த ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசச் செய்துவிடும். டிசம்பர், ஜனவரி மாதங்களின் மூடுபனியிலும் அப்படியே. திரை முழுதும் வெண்மையாகிவிடும். அத்தகைய இடத்தில் வாசலில் ஒரு சாதாரண விளக்கை எரியவிடுவது நல்லது. கிழக்குப் பார்த்த கதவை உள்ளிருந்து பார்க்கும் காமிராவுக்குக் காலை வெயில் பகை. வருகிறவர் கரிய நிழலாகவே தெரிவார். வெளிச்சத்தையும் நிழலையும் ஒருங்கே சமாளிக்கும் வகையைக் கேட்டு வாங்கவேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, சுவரைத் துளைக்காமல் வைக்கக்கூடிய வைஃபை காமிரா சௌகரியமே. ஆனால் பதிவு உள்ளே உள்ள மெமரி கார்டில் மட்டும் இருக்குமானால், காமிராவைக் கழற்றிக்கொண்டு போகிறவன் சாட்சியையும் கொண்டுபோகிறான். சொந்த வீடானால் ஒரே கம்பியில் மின்சாரமும் படமும் போகும் முறையே உறுதியானது. அக்கம்பி 100 மீட்டர் வரை செல்லும். பதிவுப் பெட்டியைக் கூடத்தில் தொலைக்காட்சிக்குக் கீழே வைக்காமல், பரண் போன்ற மறைவிடத்தில், சூடு ஏறாதபடி வைக்கவேண்டும். நம்மவர்களிடம் இன்னொரு நற்பழக்கம் உண்டு: புறப்படும்போது மெயின் ஸ்விட்சை அணைப்பது. அணைத்தால் காவலும் அணைந்தது. காமிராவுக்கும் ரூட்டருக்கும் தனி இணைப்பும் இன்வெர்ட்டரும் வேண்டும். நாங்கள் செய்த மற்றொரு சிக்கனத்தையும் மறைப்பதற்கில்லை. ஒரு மாதச் சந்தா மிச்சமாகட்டும் என்று இணைய இணைப்பை நிறுத்திவிட்டுப் போயிருந்தோம். இல்லாவிட்டால் அன்றிரவே எங்கள் கைப்பேசி ஒலித்திருக்கும்.

இணையத்தோடு சேர்ந்த காமிரா இருபக்கமும் திறக்கும் ஜன்னல் என்பதையும் மறக்கலாகாது. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட ஏராளமான காமிராக்களை 2016ஆம் ஆண்டு ‘மிராய்’ என்னும் தீய நிரல் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே பெரிய இணைய நிலையங்களை முடக்கியது. நம் நாட்டிலும் 2025 ஏப்ரல் 9 முதல், இத்தகைய காமிராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியே விற்பனைக்கு வரவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஆகவே பதிவு எண் உள்ள சரக்கையே கேளுங்கள். கடவுச்சொல்லை, பொருத்த வந்தவர் போன பிறகு நீங்களே மாற்றுங்கள்.

‘நிக்ரானி’ என்னும் ஹிந்திச் சொல்லுக்குக் ‘கண்காணிப்பு’ என்று எழுதும்போதெல்லாம், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணியின் நினைவு நம் மொழிபெயர்ப்புத் தொழிலில் வராமற்போவதில்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் காமிரா இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் கண்ணியம். குளியலறை, படுக்கையறைப் பக்கம் அது திரும்பவே கூடாது. தனிமையில் இருக்கும் பெண்ணை இவ்வாறு படம் பிடிப்பது, 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 77ஆம் பிரிவின்படி குற்றமாகும். எதிர்வீட்டுக் கதவும் நம் படத்தில் விழக்கூடாது. பல காமிராக்களில் அப்பகுதியை மட்டும் கறுப்பாக மறைக்கும் வசதி இருக்கிறது. அயலாரைப் பகைத்துக்கொண்டு வாங்கும் காவல் நமக்குக் கட்டுப்படியாகாது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது பின் பால்கனியில் ஒரு காமிரா புதிதாக இருந்தது. சாவியும் எங்கள் தொலைபேசி எண்ணும் வங்காளி அம்மையாரிடம் இருந்தன.

களவு நேர்ந்துவிட்டால் பெட்டியில் கைவைக்குமுன் பதிவு அழியாதபடி நிறுத்தி, ஒரு பிரதி எடுத்துக்கொள்ளவேண்டும். நீதிமன்றத்தில் அது ஏற்கப்பட, பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் தேவைப்படும். கிளம்புமுன் பதிவுப் பெட்டியின் கடிகாரத்தையும் பார்த்துவிடுங்கள். எங்களுடையது நாற்பது நிமிஷம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது.