கார்புரேட்டரை மட்டும் மாற்றினால் போதாது

அமெரிக்காவில் இன்றும் ஓடும் பழைய ஃபோர்டு எஃப்-150 டிரக்குகள் பலவற்றின் பானெட்டைத் தூக்கினால், ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்கும் நீளமான இன்ஜினைப் பார்க்கலாம். 300 கன அங்குலம், அதாவது 4.9 லிட்டர். 1965 முதல் 1996 வரை தயாரிப்பில் இருந்தது. டைமிங் செயின், பெல்ட் எதுவும் கிடையாது; கேம் ஷாஃப்டைப் பல்சக்கரமே சுழற்றுகிறது. உழைப்புக்கு அஞ்சாத இன்ஜின். ஆனால் எண்பதுகளின் நடுவில் இதன்மேல் பொருத்தி வந்த கார்ட்டர் ஒய்எஃப்ஏ கார்புரேட்டர் பல உரிமையாளர்களைப் பாடாய்ப் படுத்தியது.

கார்புரேட்டரின் அடிப்படை எளிது. குறுகலான தொண்டை வழியே காற்று பாயும்போது அதன் வேகம் கூடி அழுத்தம் குறைகிறது. பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல், ஜெட் எனும் நுண்துளை வழியே அந்தக் காற்றோட்டத்துக்குள் இழுபட்டுப் போகிறது. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காப்பது மிதவை.

சிக்கல் புகைக் கட்டுப்பாட்டோடு வந்தது. புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையளவில் 14.7 பங்கு காற்று வேண்டும். வெறும் ஜெட்டும் மிதவையும் அவ்வளவு துல்லியமாக அளந்து கொடுக்காது. ஆகவே புகைப்பாதையில் ஓர் ஆக்சிஜன் சென்சார், அதைப் படிக்கும் கம்ப்யூட்டர், அதன் சொல்படி கலவையை நொடிக்குப் பலமுறை திருத்தும் சோலனாய்டு என்று சேர்த்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் சென்சார் மங்கினாலோ, வயர் அறுந்தாலோ கலவை தாறுமாறாகிவிடும். கரும்புகை தள்ளும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் திணறும், பெட்ரோலைக் குடிக்கும். 1987இல் இந்த இன்ஜினுக்கு ஃபோர்டு பெட்ரோல் இன்ஜெக்‌ஷனைக் கொண்டுவந்தது.

பழி எப்போதும் கார்புரேட்டர் மீதே விழுகிறது. குற்றவாளி பல நேரம் வெடித்துப்போன வேக்குவம் டியூபாகவோ, அடியில் உள்ள கேஸ்கெட்டாகவோ இருக்கும். இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, அந்த இடங்களில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஓட்டத்தின் சத்தம் மாறினால் அங்கே காற்று கசிகிறது. இதற்குக் கார்புரேட்டர் கிளீனரை அடிப்பவர்களும் உண்டு; சூடான புகை மேனிஃபோல்டு பக்கத்திலேயே இருப்பதால் தண்ணீர்தான் பாதுகாப்பு. அடுத்து திராட்டில் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். துளை தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தால், எந்த ஸ்குரூவைத் திருகியும் ஐடிலிங் நிலைக்காது.

அப்போதுதான் கார்புரேட்டரை மாற்றும் பேச்சு வரும். எலெக்ட்ரானிக்ஸ் இல்லாத பழைய கார்ட்டர் ஒய்எஃப் வாங்கி வைப்பதே வழக்கம். வேக்குவம் டியூப்கள் ஒவ்வொன்றுக்கும் அடையாளம் கட்டிவிட்டுக் கழற்ற வேண்டும். மேனிஃபோல்டு துளைக்குள் நட்டு விழாதபடி சுத்தமான துணியால் அடைக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டைத் துளிகூட மிச்சமில்லாமல் சுரண்டி, புதியதை வைத்து, நட்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் அடித்தட்டு வளைந்து, மறுபடியும் கசியும்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். இந்த வண்டிகளில் தீப்பொறி நேரத்தையும் அதே கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரில் அதற்கான ஸ்பிரிங்கோ வேக்குவம் பெட்டியோ இல்லை. கம்ப்யூட்டரைத் துண்டித்துவிட்டால் நேரம் ஒரே இடத்தில் உறைந்துவிடும். புத்தம்புது கார்புரேட்டர் இருந்தும் வண்டி மேடேறாது. ஸ்பிரிங்கும் வேக்குவம் பெட்டியும் உள்ள பழைய டூராஸ்பார்க் வகை டிஸ்ட்ரிபியூட்டரையும் அதன் மாட்யூலையும் சேர்த்தே மாற்றினால்தான் இழுவை திரும்பும்.

இன்னொன்று: புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைச் செயலிழக்கச் செய்வதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது. கலிஃபோர்னியாவில் 1976 முதலான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனையும் உண்டு. ஆகவே சென்சார், வயரிங், வேக்குவம் டியூப் மூன்றையும் முதலில் சரிபார்த்து, இருக்கும் கார்புரேட்டரையே பழுதுநீக்கிப் பாருங்கள். புதிதாக வாங்குவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.