தானே அணைந்து தானே எழும் கணினி

இல்லந்தோறும் கணினி புகுந்துவிட்ட இக்காலத்தில், வேலை நடந்துகொண்டிருக்கும்பொழுதே அஃது அணைந்து, மீண்டும் தானாகவே எழுதல் பலரும் கண்ட தொல்லையாகும். சேமியாது விட்ட பாடக்குறிப்பும் கணக்கும் நொடியில் அழிந்தொழியும். உடனே புதியதொன்றை வாங்க எண்ணுவாரும் உளர். அது நாடி பாராது மருந்து கொடுக்கும் வைத்தியன் செயலை ஒக்கும். நோயின் காரணத்தையே முதலில் நாடுதல் வேண்டும்.

அதற்கும் முன்னர், கணினி இயங்கும் வேளையிலேயே இன்றியமையாத கோப்புகளை வேறொரு கருவியிற் படியெடுத்து வைத்துக்கொள்க. பின்னர், அஃது எப்பொழுதெல்லாம் அணைகின்றது என்பதைத் தாளொன்றிற் குறித்து வருக. அக்குறிப்பே பாதி விடையைத் தந்துவிடும்.

நெடுநேரம் இயங்கிய பின்னரோ, விளையாட்டுப் போன்ற கடும்பணியின்போதோ அணையுமாயின் வெப்பமே காரணம் என ஐயுறலாம். விசிறியிலும் வெப்பம் போக்கும் தகடுகளிலும் தூசி அடைந்தால் சூடு வெளியேறாது. கணினி தன்னைக் காத்துக்கொள்ளவே நின்றுவிடும். மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, மென்றூரிகையாற் தூசியை அகற்றுக.

நீர்ப்பம்பி முதலியன தொடங்கும் வேளையில் அணையுமாயின் மின்சாரத்தை நோக்குக. நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று அளவினது. பெரும் மோட்டார் எழும்பொழுது அவ்வளவு கணப்பொழுது தாழும். முதுமையடைந்த ‘பவர் சப்ளை’ அத்தாழ்வைத் தாங்காது. வேறு செருகியிலும் ‘யூ.பி.எஸ்.’ துணையுடனும் இயக்கிப் பார்க்க. ஆயின் பவர் சப்ளைப் பெட்டியைத் திறத்தல் ஆகாது. இணைப்பைக் கழற்றிய பின்னரும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

ஒழுங்கு யாதுமின்றி அணையுமாயின் ‘ரேம்’ எனப்படும் நினைவகத் தகட்டைச் சோதிக்க. இரண்டு தகடுகள் இருப்பின், ஒவ்வொன்றாகக் கழற்றி இயக்கினால் பழுதுற்றது எதுவெனப் புலப்படும். புதிய கருவியோ மென்பொருளோ சேர்த்த பின்னர் தொல்லை தோன்றியிருப்பின் அதனை நீக்கிப் பார்க்க.

பெட்டியிற் பழுதில்லாதிருந்தும் இந்நோய் வருவதுண்டு. 2003ஆம் ஆண்டு ஆகஸ்டில் பரவிய ‘பிளாஸ்டர்’ என்னும் தீநிரல், 60 விநாடியில் அணையும் என அறிவித்தே விண்டோஸ் கணினிகளை மீளத் தொடங்கச் செய்தது.

விண்டோசிற் பிழை நேரின் திரையில் அதன் குறியீடு தோன்றும். ஆனால் கணினி உடனே மீளத் தொடங்குவதால் அதனைப் படிக்க இயலாது போகும். ‘ஸ்ராட்டப் அண்ட் றிக்கவரி’ என்னும் பகுதியில் தானியங்கி மறுதொடக்கத்தை நீக்கிவிட்டால் குறியீடு நிலைத்து நிற்கும். நிகழ்வுப் பதிவேட்டிற் காணப்படும் 41 என்னும் எண்ணைக் கண்டு மயங்கற்க. முறையாக மூடப்படாது கணினி மீளத் தொடங்கியது என்பதையே அது கூறும். ஏன் என்பதைக் கூறாது.

எதனைச் செய்யினும் ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்க. இரண்டை ஒருங்கே மாற்றினால் நோய் தீர்த்தது எதுவெனத் தெரியாது. திருத்துநரிடம் செல்ல நேரினும் குறித்த தாளை உடன் கொண்டு செல்க. அவருக்கு நேரமும் நமக்குப் பொருளும் மிச்சமாகும்.