மணலுக்குள் ஒரு குடியிருப்பு

வார இறுதியில் புனேயிலிருந்து தாம்ஹிணி மலைப்பாதை வழியாக ஸ்ரீவர்தன், ஹரிஹரேஷ்வர் கடற்கரைகளுக்குச் செல்வது நம்மில் பலருக்கு வழக்கம். அங்கே அலை எட்டாத மணலில் வட்ட வட்டமான துளைகளைக் கண்டிருப்போம். அவை பேய் நண்டுகளின் வளைகள். மணலின் நிறத்தை ஒத்திருப்பதாலும், இருள் சூழ்ந்தபின் வெளிவந்து கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடுவதாலும் இப்பெயர் ஏற்பட்டது. 1795இல் இப்பேரினத்திற்குச் சூட்டப்பட்ட அறிவியல் பெயருக்கு, கிரேக்க மொழியில் 'விரைந்த கால்' என்று பொருள். நம் சங்கப் புலவர்கள் நண்டை 'அலவன்' என்றழைத்தனர். நெய்தல் நிலத்து மகளிர் அதனை ஓட்டி விளையாடியதையும் பாடியுள்ளனர்.

கரையில் வாழ்ந்தாலும் இந்நண்டு செவுள்களாலேயே சுவாசிக்கிறது. செவுள் உலர்ந்தால் உயிர் நிலைக்காது. எனவே ஈர மணலை எட்டும்வரை, சில இடங்களில் ஒரு மீட்டருக்கும் மேலான ஆழத்திற்கு, வளை தோண்டுகிறது. கால்களின் அடிப்பகுதியிலுள்ள மயிர்க்கற்றைகள் ஈர மணலிலிருந்து நீரை ஈர்த்துச் செவுளறையில் சேர்க்கின்றன. வெயில் மிகும்போது வாயிலை மணலால் அடைத்துக்கொண்டு உள்ளேயே தங்குவதும் உண்டு. இளம் நண்டுகளின் வளைகள் பெரும்பாலும் நீரோரத்திலும், முதிர்ந்தவற்றின் வளைகள் மேட்டிலும் அமைகின்றன. ஆயினும் இனப்பெருக்கத்திற்குக் கடல் இன்றியமையாதது. தாய் நண்டு முட்டைகளை வயிற்றின் அடியில் சுமந்து சென்று அலைநீரில் விடுகிறது. இளவுயிரிகள் கடலில் மிதந்து வளர்ந்த பின்னரே கரையேறுகின்றன.

கரை ஒதுங்கும் இறந்த மீன்களை உண்பதால், இவை கடற்கரையின் துப்புரவுப் பணியாளர்கள். கடலாமை முட்டைகளையும் குஞ்சுகளையும் இவை தின்பதுண்டு. ரத்னகிரி மாவட்டத்து வேளாஸ் கிராமத்தில் ஆமை முட்டைகளை வேலியிட்ட இடத்தில் வைத்துக் காப்பதற்கு, நாய், நரி போன்றவற்றுடன் நண்டுகளும் ஒரு காரணம்.

இந்த நண்டுக்கு இன்று பேரிடர் நம் வாகனங்களே. இரவில் இரை தேடி வெளிவரும் நண்டுகள் சக்கரங்களில் நசுங்குகின்றன. ஆழமற்ற வளைகள் இடிந்து விழுகின்றன. வாகனங்கள் ஓடும் கரைகளில் இவற்றின் எண்ணிக்கை குறைவதை அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவேதான் வளைகளை எண்ணி, ஒரு கடற்கரையின் நலத்தை ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். வங்கிக் கணக்கின் இருப்பைப் போன்றது அந்த எண்ணிக்கை. குறைந்தால் காரணம் தேட வேண்டும்.

அடுத்த முறை கொங்கணம் செல்கையில் வாகனத்தைச் சாலையிலேயே நிறுத்துவோம். வளைகளைக் கிளறாமல், குப்பையை விட்டுவராமல் திரும்புவோம். குழந்தைகளுடன் அமர்ந்து அந்தத் துளைகளை எண்ணிப் பார்ப்போம்.